ஆல்சீத்தின் முதுகுக்கு நான் சொன்ன சாட்சி

ஆல்சீத் என்னைவிட இருபது நிமிடம் மூத்தவன். அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கும் மேலாக என்னை அதட்டி வருகிறான். எங்கள் படகுத்துறையில் ஒருவனை அவன் அப்பன் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட முழுசாக இல்லை. "சிரிலோட ரெட்டைல ஒண்ணு" என்பதுதான் இரண்டு பேருக்கும் பெயர். எந்த ஒன்று என்று யாரும் மெனக்கெட்டதில்லை. ஞானோபதேசப் பரீட்சையை அவன் இரண்டு தடவை எழுதினான், ஒன்று எனக்காக. அவனுடைய டிரைவிங் டெஸ்டுக்கு நான் போய் வண்டி ஓட்டிக் காட்டினேன். ஒரு சனிக்கிழமை ஹாக்கி ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவன் பாவங்களையும் சேர்த்து நானே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தேன். சாமியார் கொடுத்த அபராதமும் இரட்டிப்பாக வந்தது. அதில் அவன் பங்கு கேட்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் போய் நிற்பது எங்களுக்குப் பால்குடி காலத்திலிருந்து பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் நான் அவன் தலையில் மண்ணை வாரிப் போட்டேன்.

அப்பா படகையும் மீன்பிடி உரிமத்தையும் என் பெயருக்கு எழுதினார். ஆல்சீத்துக்குப் படிவம் நிரப்புவதென்றாலே குமட்டும். "நீ சுக்கானப் புடிச்சுக்க அம்ப்ருவாஸ், பின்னாடி நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இருபத்தெட்டு குளிர்காலம் நான் சுக்கான் அறையில் நின்றேன், அவன் பின்தளத்தில் நின்றான். சிங்கி இறால் பிடிக்கும் கம்பிக் கூண்டு ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. குனி, தூக்கு, திரும்பு, வை. கடல் ஆடும்போதும் இதுதான், பனி பெய்யும்போதும் இதுதான். அவன் அடுக்கிய கூண்டு சரிந்து நான் பார்த்ததில்லை. அடுக்கிக்கொண்டே கோயில் பாட்டைக் கெட்ட வார்த்தை போட்டுப் பாடுவான். நான் படகைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பினால் போதும், "உன்னோட லைசென்ஸையும் நான்தான்டா எடுத்துக் குடுத்திருக்கணும்" என்று கத்துவான்.

வலி வந்தது கடலில் அல்ல. அப்படி வந்திருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது. ஒரு பிப்ரவரி காலையில் வீட்டில் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தான். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மத்தில்த், அவன் மனைவி, கைத்தாங்கலாக நிமிர்த்தினாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஈஸ்டர் வந்தது, போனது. மே மாதம் சீசன் முடிந்தது. அவனால் கால்மணி நேரம் உட்கார முடியவில்லை. பூசையில் கடைசியில் தூணோடு நின்றான். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான். காரில் போனால் பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு போனான்.

எங்கள் துறையில் ஒருவன் கடலுக்கு வரவில்லையென்றால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். மாவுக்கட்டு, தையல், இல்லாமல் போன விரல். வில்பிரோத்துக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. என் படகில் பதினைந்து வருடமாக இருப்பவன். அவன் அந்தக் கையை மேசைமேல் வைத்துவிட்டு எது சொன்னாலும் மறுபேச்சு இருக்காது. ஆல்சீத்திடம் காட்ட ஒன்றுமில்லை. ஆள் சிவப்பாக, கட்டுமஸ்தாக, என்னைப் போலவே இருந்தான். அதுதான் பெரிய தொல்லை. அவனைப் பார்த்தவர்கள் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எட்டு மாதம் காத்திருந்த பிறகு எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு முறை வந்தது. முதுகெலும்பின் அடியில் இரண்டு டிஸ்க் தேய்ந்து, தண்ணீர் வற்றிக் கறுத்திருந்தது. இதைக் கேட்டு ஒரு மனிதன் சந்தோஷப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டுக்கொண்டு நேரே துறையில் இரைமீன் வைக்கும் கொட்டகைக்கு வந்தான். ஹெர்ரிங் மீன் நாற்றத்துக்கு நடுவே எட்டுப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தோம்.

"இந்தா, இது நல்ல டிஸ்க். வெள்ளையா இருக்குல்ல? இது ரெண்டும் என்னோட லட்சணம்" என்று ஆல்சீத் விரலை வைத்துக் காட்டினான்.

"அடப்பாவி, எங்க வீட்டு லாரி டயர்கூட இதவிடத் தேவல. நீயெல்லாம் எப்படிடா நிக்கிற?" என்றான் வில்பிரோத்.

"நான் எங்க நிக்கறேன், முட்டுக் குடுத்து நிறுத்தி வச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தோம். வில்பிரோத் அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். இன்னொருவன், உட்காருடா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்று அவனுக்கு வலி குறையவில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு திரிய ஒரு கைப்பிடி கிடைத்தது. மாதக்கணக்கில் கண்ணாடியில் தன்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் அன்று நிம்மதியாகத் தூங்கினான் என்று மத்தில்த் சொன்னாள்.

படகு ஆட்களுக்கு என்று நாங்கள் ஒரு காப்பீடு வைத்திருந்தோம். வேலையால் உடம்பு கெட்டது என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் ஆல்சீத் கரையில் மானமாக இருக்கலாம். இல்லையென்றால் துறையின் கணக்கில் அவன் வேலைக்குப் பயந்து ஒளிந்தவன். மனு போட்டோம். அடுத்த வருடம் ஆகஸ்டில்தான் பதில் வந்தது. டிஸ்க் தேய்வது வயதாகிறவர்களுக்கு வருவதுதான், வேலையால் வந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இருந்தால் அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு யோசனை பிறந்தது. அந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆதாரம்தானே வேண்டும்? நான் இருக்கிறேனே. ஒரே கருப்பை, ஒரே ரத்தம், ஒரே வயது, ஒரே அம்மா போட்ட சாப்பாடு. அவன் இருபத்தெட்டு வருடம் கூண்டு தூக்கினான், நான் சுக்கான் பிடித்தேன். என் முதுகைப் படம் எடுத்து அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வேலை என்ன செய்தது என்று குருடனுக்கும் தெரியும்.

ஹாலிஃபாக்ஸில் பணம் கட்டினால் அடுத்த வாரமே ஸ்கேன் எடுக்கும் இடம் ஒன்று உண்டு. போகும் முன் ஆல்சீத்திடம் சொன்னேன். மத்தில்த் ராப்யூர் செய்திருந்தாள். துருவிய உருளைக்கிழங்கும் கோழியும் மேலே மொறுமொறுவென்று வெந்திருந்தது. அவன் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என் முதுகுக்கு நீ சாட்சியா?" என்று கேட்டான்.

"வேற எவன்டா இருக்கான் உன்ன மாதிரி?"

"பரீட்சைல நான் உனக்கு எழுதுனது அறுபத்திரெண்டு மார்க்கு. அதுக்குக் கொறையாம வாங்கிட்டு வா."

மத்தில்த் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றாள். "டாக்டரம்மா என்ன புதுசா சொல்லப் போறாங்க" என்று அவள் வாயை அடைத்தேன். நான் படகுக்குத் தலைவன், யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. ஹாலிஃபாக்ஸில் அந்த ஸ்கேன் குழாய்க்குள் முக்கால் மணி நேரம் கல்லாகக் கிடந்தேன். வெளியே வந்து, அறிக்கையின் ஒரு பிரதியைக் காலதாமதம் ஆகாமல் நேரே காப்பீட்டு அலுவலகத்துக்கே அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அண்ணனுக்கு வைத்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா ஹென்னிகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் இருவருக்கும் அவர்தான் டாக்டர். திரையில் இரண்டு முதுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இதுல எது ஒங்களோடதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

இரண்டு கறுப்பு இருந்த படத்தை ஒதுக்கிவிட்டு மற்றதைக் காட்டலாம் என்று பார்த்தேன். மற்றதில் மூன்று கறுப்பு இருந்தது. அடியில் உள்ளது பிதுங்கி வேறு நின்றது.

"அந்த மூணுதான் ஒங்களோடது, அம்ப்ருவாஸ். ஒங்களுக்கு எப்பவாவது இடுப்பு வலிச்சிருக்கா?"

"ஒரு நாளும் இல்லியே."

"அப்படித்தான். ஒங்க வயசுல வலியே இல்லாத ஆளுங்களத் தேடிப் புடிச்சுப் படம் எடுத்தாலும் பாதிக்கு மேல தேஞ்சுதான் இருக்கும். நரை மாதிரி. அதுலயும் பொறப்புலயே வர்றது நெறைய. நீங்க ரெட்டை, அதனால ஒண்ணு போல தேஞ்சிருக்கு. வலி இருக்கறவங்கள்ல தேய்மானம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், அது நெசம். ஆனா ஒரு ஆளோட படத்த வச்சு, அவனுக்கு வலிக்குதா இல்லியான்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப அவனுக்கு ஏன் வலிக்குது?"

"சரியாத் தெரியல."

"அவன் நடிக்கிறானா?"

"அப்படி நான் சொன்னேனா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "வலி இருக்கு. எங்கேருந்து வருதுன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. என்னக் கேக்காம ஏன் அனுப்புனீங்க?"

தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆல்சீத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீட்டுப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். நான்காவது நாள் கடிதமே வந்துவிட்டது. மத்தில்த் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து வாசித்தாள். இலகுவான வேலை செய்யும் இரட்டைச் சகோதரருக்குத் தேய்மானம் அதிகமாகவும் வலி இல்லாமலும் இருப்பதால், மனுதாரரின் நிலைக்கு வேலையைக் காரணமாகக் கொள்ள முடியாது. மனு நிராகரிக்கப்படுகிறது.

"இலகுவான வேலையாமே" என்றான் ஆல்சீத். அவ்வளவுதான் சொன்னான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துறையில் இந்தச் செய்தி எப்படிப் பரவியது என்று கேட்கவே வேண்டாம். எங்கள் ஊரில் மீனுக்குத்தான் ஐஸ் வேண்டும், செய்தி கெடுவதற்கு முன்பே விற்றுவிடும். இரைக் கொட்டகைக்குள் அவன் வந்தால் பேச்சு நின்றது. போனபின் என்னைப் பார்த்து, "ஒனக்கு மூணாமே? மூணு வச்சுக்கிட்டு நீ ஓடியாடற. அவனுக்கு ரெண்டுலயே இந்த ஆட்டம்" என்றார்கள். வில்பிரோத் ஆல்சீத்துக்குக் காபி ஊற்றுவதை நிறுத்திக்கொண்டான்.

மற்றவர்களை விடுங்கள். நான் என்ன நினைத்தேன்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அது வரவே இல்லை. வலி வருவதற்கு வேண்டிய அத்தனையும் என் முதுகில் இருந்தது, ஆனாலும் வரவில்லை. அவன் உடம்பு என் உடம்பு. அவன் பசித்தால் எனக்குத் தெரியும், அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஐம்பது வருடம் மார்தட்டியவன் நான். இதுமட்டும் தெரியவில்லை. தெரியாததை இல்லாததாக எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் கடைசித் திங்கட்கிழமை எங்கள் கடற்கரை முழுவதும் கூண்டு இறக்கும் நாள். அதற்கு நான்கு நாள் முன்பு கொட்டகையில் மிதவைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தோம். நானும் அவனும் மட்டும். அவன் நின்றுகொண்டு பூசினான், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். அந்தச் சாய்வு எனக்கு எரிச்சலூட்டியது.

"எனக்கு ஒன்னவிட மோசம்னு எழுதியிருக்கான். நான் போகத்தானே செய்யறேன்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் திரும்ப விழுங்கப் பார்த்தேன். அவன் தூரிகையை டின்னின் விளிம்பில் வழித்து, பக்கத்தில் ஒழுங்காகக் கிடத்தினான்.

"திங்கக்கெழம வரேன்" என்றான்.

"வேணாம்டா, நான் சும்மா..."

"வரேன்னேன்ல."

வேண்டாம் என்று நான் காலில் விழுந்து தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. போய்ப் பார்த்தால்தான் அவனுக்கே தெரியும் என்று ஒரு மூலையில் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை விடியும் நேரம் துறையில் ஊரே நின்றது. மனைவிகள், பிள்ளைகள், சாமியார் தீர்த்தத்தோடு. ஒவ்வொரு படகின் பின்தளத்திலும் கூண்டுகள் வீடு உயரத்துக்கு இருந்தன. ஆல்சீத் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். மத்தில்த் எனக்குக் கையசைக்கவில்லை. மணி அடித்ததும் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பின. நல்ல இடத்துக்கு முதலில் போகிறவனுக்குத்தான் அங்கே கூண்டு வைக்க வாய்ப்பு. அன்றைக்கு வழியில் எஞ்சினை நிறுத்துகிறவன் பைத்தியக்காரன்.

முதல் வரிசை இறங்கியது. ஒரு கயிற்றில் பதினைந்து கூண்டு. முதல் கூண்டைத் தள்ளிவிட்டால் அதன் கனத்தில் கயிறு ஓடும், அடுத்தடுத்ததை ஓரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது வரிசையும் இறங்கியது. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். ஆல்சீத் தூக்கினான், திரும்பினான், வைத்தான். 'பார், முடிகிறதல்லவா' என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது வரிசையில் ஐந்தாவது கூண்டோடு திரும்பியவன் பாதியில் நின்றான். கூண்டு கையிலிருந்து நழுவியது. அவன் மண்டியிட்டு, பிறகு கையையும் ஊன்றி நாலுகாலில் நின்றான். ஓடும் கயிறு அவன் முழங்கால்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது, காலில் சுற்றினால் ஆளையும் கடலுக்குள் இழுத்துவிடும். நகர் நகர் என்று வில்பிரோத் கத்தினான். அவனால் ஒரு விரற்கடைகூட நகர முடியவில்லை. நான் கியரை விலக்கிப் படகை நிறுத்தினேன். வில்பிரோத் இருக்கிற மூன்று விரலால் கத்தியைப் பிடுங்கிக் கயிற்றை அறுத்தான். இறங்கியிருந்த கூண்டுகள் மிதவை இல்லாமல் அடிக்குப் போயின. சுற்றிலும் மற்ற படகுகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அவன் அருகில் போய்க் குனிந்தேன். முகம் சாம்பலாக இருந்தது. வியர்வை மூக்கிலிருந்து தளத்தில் சொட்டியது.

"தொடாத" என்றான்.

திரும்பி வரும்போது ஓதம் இறங்கி நீர் வற்றிவிட்டது. எங்கள் துறையில் நீர் வற்றினால் ஏணி இரண்டு ஆள் உயரம். இரைப்பெட்டி ஏற்றும் மரத்தட்டில் அவனை ஒருக்களித்துக் கட்டி, வின்ச்சைப் போட்டு மேலே தூக்கினார்கள். காலையில் கையசைத்த கூட்டத்தில் பாதி இன்னும் அங்கேதான் நின்றது. தட்டு காற்றில் மெதுவாகச் சுற்றியது. ஒரு கிழவர் சவத்துக்கு எடுப்பதுபோலத் தொப்பியை எடுத்தார். ஆல்சீத் கண்ணை மூடாமல் மேலே பார்த்துக்கொண்டே போனான். மத்தில்த் ஓடிவந்து தட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

இந்தத் தடவை காக்கவைக்காமல் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக எதுவும் இல்லை. அதே இரண்டு டிஸ்க், அதே கறுப்பு. டாக்டரம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "போன தடவ மாதிரியேதான் இருக்கு" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும், படுத்தே கிடக்க வேண்டாம், பயிற்சி சொல்லித்தர ஆள் அனுப்புகிறேன் என்றார். சிலருக்குத் தேறும் என்றார். ஆல்சீத் தேறுவானா என்று கேட்டதற்கு, தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். அந்த அம்மாவின்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார்?

டாக்டரம்மாவைப் பார்த்த அன்று பிற்பகல் நான் தனியாகத் துறைக்குப் போனேன். மிச்சம் இருந்த கூண்டுகளில் நாற்பதைப் படகிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து படகுக்கும் தூக்கி அடுக்கினேன். வேண்டுமென்றே முதுகை வளைத்துத் தூக்கினேன். வரட்டும், ஒரு நாளாவது வரட்டும் என்று தூக்கினேன். எனக்குப் பசிதான் வந்தது.

அங்கிருந்து அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தரையில் கம்பளி விரித்து மல்லாந்து படுத்திருந்தான். கால் இரண்டும் நாற்காலிமேல் இருந்தன. மத்தில்த் கதவைத் திறந்துவிட்டு மாடிக்குப் போனாள். நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு உட்கார முடிந்தது, சம்மணம் போட்டுச் சுகமாக. அதற்கே கூச்சமாக இருந்தது.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னால் தேவலை என்று தேடித் தேடிக் கடைசியில் ஒன்றைச் சொன்னேன்.

"நான் ஒன்ன நம்பறேன்டா, ஆல்சீத்."

அவன் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். கோபமில்லை. வெறுமனே தெரிந்துகொள்ள விரும்பினவனாகக் கேட்டான்.

"எப்பலேருந்து?"